இரண்டாம் பட்டியல்

தைலமரக் கிளைகளை ரோட்டின் குறுக்கே இரண்டாவது வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது யோத்தாம் அந்த லாரியைப் பார்த்தான். கிளைகளைக் கண்டால் பக்கத்தில் சாவு வீடு என்று எந்த வண்டியும் வேகத்தைக் குறைக்கும். இது குறைக்கவில்லை. முதல் வரிசையை நொறுக்கிக்கொண்டு ஏறி வந்து, அவன் காலுக்கு நாலடி தள்ளி நின்றது.

புகையிலை மூட்டை ஏற்றும் லாரி. பின்னால் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். சாவுக்கு வருகிறவர்கள் வளைவு திரும்பும்போதே பாட ஆரம்பித்துவிடுவார்கள். பெண்கள் கால் தரையில் படும் முன்பே கதறுவார்கள். இவர்கள் பாடவில்லை. ஒவ்வொருவராக இறங்கி, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்றார்கள்.

"டாக்டர் லோனஸ் வீடு இதுதானே?" என்றான் முன்னால் நின்றவன். நாற்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, உள்ளே சட்டை இல்லை, பனியன்தான்.

"ஆமாண்ணே. வாங்க, வாங்க. நீங்க எந்த ஊரு?"

"கபுட்சி."

யோத்தாம் கிளையைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "எனக்குச் சரக்கு ஏத்தணும். திரும்ப வரமாட்டேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றான்.

"போ. நாங்க பாத்துக்கறோம்" என்றான் பனியன்காரன், யோத்தாமைப் பார்த்தபடியே.

முற்றத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவன் அக்கா லோனஸின் உடல் முந்தின நாள் சாயங்காலம் தலைநகரிலிருந்து வந்திருந்தது. வீட்டுக்குள் பெட்டியைச் சுற்றித் திருச்சபைப் பெண்கள் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே பந்தலின் கீழே அமைச்சகத்து ஆட்களும் பல்கலைக்கழகத்து ஆட்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில். கபுட்சிக்காரர்கள் எதிலும் சேராமல், மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, வெயிலிலேயே தரையில் உட்கார்ந்தார்கள். சவப்பெட்டியைப் பார்க்கவும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் யோத்தாமின் மனைவி செலிஃபா சமையல் பக்கமிருந்து புகையில் சிவந்த கண்ணோடு வந்தாள்.

"யாருங்க அவங்க? கை கழுவத் தண்ணி கொண்டுபோனேன், வேணாங்கிறாங்க. சீமாக் களியும் பீன்ஸும் தட்டோட வச்சேன், அப்படியே இருக்கு. ஈ மொய்க்குது."

"பசிக்கல போலருக்கு."

"பதினோரு பேருக்குமா பசிக்கல? சாவு வீட்ல கை நனைக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? சனங்க பேச ஆரம்பிச்சாச்சு. ஒரு பாட்டி கேக்குது, இவங்கதான் சூனியம் ஏதாவது வச்சாங்களோ உங்க நாத்தனாருக்குன்னு."

"அந்தப் பேச்செல்லாம் பேசாத."

"நான் பேசல, ஊரு பேசுது. நீங்க ஏன் வேர்த்து வழியறீங்க?"

அவன் கோடாரியை எடுத்துக்கொண்டு மறுபடி ரோட்டுக்குப் போனான். வெட்டுவதற்குக் கிளை எதுவும் பாக்கியில்லை.

லோனஸ் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். மருத்துவம் படித்து, மாவட்ட ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தாள். சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் வந்து சேரும் பெண்களில் பாதிப் பேர் தாமதமாகவே வந்தார்கள். ஒரு நாள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வெளிநாடு போய்ச் சுகாதாரப் பொருளாதாரம் படித்தாள். வைத்தியம் பார்க்கிறவள் எதற்குக் கணக்குப் படிக்க வேண்டுமென்று அப்பா கோபித்துக்கொண்டார். "நிதித்துறைக்காரனுக்குப் பிணத்தைக் காட்டினா கண்ண மூடிக்குவான்பா. எண்ணைக் காட்டினாத்தான் பேனாவ எடுப்பான்" என்றாள்.

எண்ணைக் காட்டுவதற்குத்தான் அந்த ஆய்வு. நாற்பது ஊர்கள். இருபது ஊர்களுக்கு உடனே பிரசவ வண்டி. மீதி இருபதுக்கு இரண்டு வருஷம் கழித்து. எந்த ஊர் எந்தப் பட்டியல் என்பதை ஊர்த் தலைவர்கள் எல்லாரும் பார்க்க, ஒரு தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். இரண்டு பக்கத்துச் சாவுகளையும் எண்ணி ஒப்பிட்டால்தான் வண்டி உயிரைக் காப்பாற்றுகிறதா என்று சொல்ல முடியும். கபுட்சிக்கு இரண்டாம் பட்டியல் விழுந்தது. அந்த ஊர்த் தலைவர் சிரித்துக்கொண்டே, "எங்க பொம்பளைங்க ரெண்டு வருஷம் பொறுத்துப்பாங்க" என்று சொன்னது யோத்தாமுக்கு நினைவிருக்கிறது. முதல் வண்டியை ஓட்டியவன் அவன்தான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு பட்டப்பகலில், பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தான். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணுக்கு யாரோ போன் செய்தார்கள். கபுட்சி. பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை, வாங்க, வாங்க. பின்னால் ஒரு பெண்ணின் குரல் வேறு. ஏழு கிலோமீட்டர்தான். யோத்தாம் வண்டியை ஓரமாக நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டான்.

"கபுட்சியா?" என்றாள் லோனஸ்.

அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. ஒரு தடவை போனால் எல்லாத் தடவையும் போக வேண்டும், அப்புறம் அந்தக் கணக்கை ஒருத்தனும் நம்ப மாட்டான் என்று அவள் பயிற்சியில் பலமுறை சொல்லியிருந்தாள். ஆனால் அன்று சொல்லவில்லை. யோத்தாம் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு அவனாகவே, "சரிக்கா, நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பிடறேன்" என்றான். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பினான்.

ஃபனேசி என்ற அந்தப் பெண் சாயங்காலத்துக்குள் இறந்துபோனாள். பிள்ளையும் அந்த வாரமே. இரண்டாம் பட்டியலில் ஒரு எண் கூடியது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போன ஆய்வு வண்டியைக் கல்லால் அடித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். யோத்தாம் கேட்காமலே லோனஸ் அவனைத் தலைநகருக்கு மாற்றிக்கொண்டாள். கட்டுரை வெளிவந்தது. அவள் பேராசிரியர் ஆனாள். பல தேசத்து மேடைகளில் பேசினாள். நிதித்துறைக்காரர் பேனாவை எடுத்தார். இன்று நாட்டில் வண்டி இல்லாத மாவட்டம் கிடையாது. அந்தப் போன் பேச்சைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

ஆராதனை தொடங்கியபோது கபுட்சிக்காரர்கள் எழுந்து பந்தலுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கை கட்டியிருந்தார்கள். பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யோத்தாம் திரும்பிப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்துத் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பறையில் நம்ம பேராசிரியர் மயங்கி விழுந்தாங்க. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. கடவுள் சித்தம், பிழைக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். வண்டி எத்தனை நிமிஷத்துல வந்துச்சு தெரியுமா? ஒன்பது நிமிஷம்! அவங்க ஆய்வு இந்த நாட்டுக்குக் குடுத்த வண்டி, அவங்களத் தேடியே ஒன்பது நிமிஷத்துல வந்துச்சு!"

பந்தலில் ஆமென் என்றார்கள். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, இருமலும் இல்லை. ஒரு வயதான பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது. அமைச்சகத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். துறைத் தலைவர் அடுத்த வரியை மறந்துவிட்டு, தாளைத் தேடினார்.

குடும்பத்திலிருந்து ஒருவர் எழுந்து சாவு எப்படி வந்தது என்று சபைக்குச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நடத்தியவர் கூப்பிட்டார். "இப்போ தம்பி யோத்தாம். அக்காவோட வண்டிய ஆரம்பத்துலேர்ந்து ஓட்டினவரு இவருதான். முதல் பிரசவ வண்டியே இவரு கையாலதான்."

எழுந்து நின்றான். பதினோரு முகங்களும் அவன் பக்கம் திரும்பின. செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, வியாழக்கிழமை விடியற்காலை என்று என்னவோ சொன்னான். உட்கார்ந்த பிறகு என்ன சொன்னோம் என்று ஞாபகமில்லை.

கல்லறையில் மண் தள்ளி முடிந்தது. மாலைகள் வைத்தார்கள். அமைச்சகத்துக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. யோத்தாம் கல்லறை மேட்டிலிருந்து கடைசியாக இறங்கி வந்தபோது, பாதையில் அவர்கள் நின்றிருந்தார்கள். வேறு வழியில்லை, இரண்டு பக்கமும் முள்வேலி.

"நான் பிஸ்விக்" என்றான் பனியன்காரன். "ஃபனேசியோட புருஷன்."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"



"உங்க அக்கா சொல்லியிருப்பாங்க" என்று பிஸ்விக்கே சொன்னான். "ஒவ்வொரு ஜூன் மாசமும் வருவாங்க. தனியா, அவங்களே வண்டி ஓட்டிக்கிட்டு. மொத வருஷம் கல்லால அடிச்சோம். ரெண்டாவது வருஷமும் வந்தாங்க. மூணாவது வருஷம் உக்காரச் சொன்னோம்."

ஜூன் மாதத்தில் ஒரு நாள் லோனஸ் அவனிடம் சாவியை வாங்கிக்கொண்டு எங்கோ போவாள். எங்கே என்று கேட்டால் ஒரு வேலை என்பாள். யாரோ ஒரு ஆளைப் பார்க்கப் போகிறாள் என்று செலிஃபாவிடம் சொல்லி யோத்தாம் சிரித்திருக்கிறான்.

"என்ன சொன்னாங்க?" என்றான்.

"உள்ளத உள்ளபடி சொன்னாங்க. வண்டி பக்கத்துலதான் இருந்துச்சு. டிரைவர் வர்றேன்னான், கெஞ்சினான், நான்தான் போகக் கூடாதுன்னு தடுத்தேன். இப்படிச் சொன்னாங்க. பேரு கேட்டா சொல்லல. அவனுக்கு இதுல பங்கில்ல, அவன விட்டுருங்கன்னாங்க." பிஸ்விக் கோட்டின் பொத்தானைத் திருகினான். "அவங்கள மன்னிச்சோமா இல்லையான்னு எனக்கே தெரியாது. பெட்டிய எட்டிப் பாக்க மனசு வரல. ஆனா அந்த டிரைவரு... எங்களுக்காக ஒருத்தன் கெஞ்சியிருக்கான் பாருங்க. டாக்டர் செத்தா அவன் வராமலா இருப்பான்னுதான் லாரி பிடிச்சு வந்தோம். அவன் யாருன்னு தெரிஞ்சு, அவன்கூட உக்காந்துதான் சாப்பிடறதுன்னு எங்களுக்குள்ள பேச்சு. மைக்குல சொன்னப்பதான் அது நீங்கன்னு தெரிஞ்சுது."

அவனுக்குப் பின்னாலிருந்து அந்த வயதான பெண் வந்தாள். ஃபனேசியின் அம்மா. பாதையின் சிவப்பு மண்ணில் யோத்தாமின் முன் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து மெதுவாகத் தட்டினாள். தலைவர்களுக்குத்தான் பெண்கள் அப்படிச் செய்வார்கள்.

"எழுந்திருங்கம்மா" என்றான் யோத்தாம். "எழுந்திருங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் கெஞ்சல." அவன் குரல் மேலே ஏறியது. "கேளுங்க. நான் கெஞ்சவே இல்ல. அவ தடுக்கவும் இல்ல. அவ ஒண்ணுமே சொல்லல, சும்மா இருந்தா. நான்தான்... நானாத்தான் வண்டியத் திருப்பினேன்."

கைத்தட்டல் நின்றது.

"எவ்வளவு தூரம்?" என்றான் பிஸ்விக்.

"ஏழு கிலோமீட்டர்."

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அவர் அடுத்தவரிடம். ஏழு என்ற சொல் ஒவ்வொரு வாயாகக் கடைசிவரை போனது. ஃபனேசியின் அம்மா தரையில் கை ஊன்றி எழுந்தாள். யாரும் அவளைத் தூக்கிவிடவில்லை. அவன் கை நீட்டியது அவள் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் செலிஃபா மறுபடியும் சூடாகத் தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். அவர்கள் முற்றத்தைக் கடந்து நேராக ரோட்டுக்குப் போய் நின்றார்கள். பஸ் வராத ரோடு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"சாப்பாடு?" என்றாள் செலிஃபா.

"உள்ள எடுத்து வச்சிரு" என்றான் யோத்தாம். லோனஸின் பிக்கப் சாவி அவன் பையில்தான் இருந்தது.

அவன் வண்டியை அவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஃபனேசியின் அம்மா முதலில் சக்கரத்தில் கால் வைத்துப் பின்பக்கம் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். பிஸ்விக் மட்டும் முன்கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஒன்றரை மணி நேரம். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. பள்ளங்களில் யோத்தாம் வழக்கத்தைவிட மெதுவாக இறக்கி ஏற்றினான். பின்னால் இருந்தவர்களில் யாரோ ஒருத்தி பாட ஆரம்பித்து, இரண்டு வரியோடு விட்டுவிட்டாள்.

கபுட்சியில் சோளக் களஞ்சியங்களுக்கு நடுவே வண்டி நின்றது. பெண்கள் இறங்கித் துணியை உதறிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். ஏதோ ஒரு வீட்டுக்குள் பாத்திரம் உருட்டும் சத்தம். ஒரு நாய் வண்டியின் முன்சக்கரத்தை மோந்துவிட்டுப் போனது.

பிஸ்விக் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தபடி கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். யோத்தாம் இஞ்சினை அணைக்கவில்லை.