ஒத்திகைக்கு ஒரு லேத்

பட்டறை ஆசிரியர் விஜயன் கையிலிருந்த குச்சியால் பிளாஸ்டிக் உறையின் மேல் ஓரிடத்தைத் தொட்டார். "இதுக்குள்ள இருக்கறது டெயில் ஸ்டாக்." குச்சி ஒரு முழம் நகர்ந்தது. "இதுக்குள்ள இருக்கறது கேரேஜ். சக்கரத்தச் சுத்துனா நகரும்."

யாரும் சுற்றவில்லை. இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தைச் சுற்றி வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, உறையைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கட்டபெட்டுப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து எல்லார் ஸ்வெட்டரையும் நனைத்தது. அந்தப் பட்டறையில் ஈரம் படாமல் இருந்தது லேத் ஒன்றுதான். துரு ஏறிவிடக் கூடாது என்று உறைக்குள் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரிந்தது. ஸ்டெபியும் ஷைனாவும் கோட்டைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டி, அந்த வெளிச்சத்தில் விரல்களைச் சூடேற்றிக்கொண்டார்கள்.

நீலமுகில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அந்த லேத்தைப் பெங்களூரு கம்பெனி ஒன்று நன்கொடையாகக் கொடுத்திருந்தது. திறப்பு விழா அன்று ஓடியது. அதன்பின் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாருக்கும் பொரி கொடுத்து முடிக்கும்வரை வெறுமனே சுற்றும். பிறகு உறை. மெஷினில் கீறல் விழுந்தால், கல்லூரிக்குத் தரம் போடும் ஆய்வுக் குழு வரும்போது எதைக் காட்டுவது என்பது முதல்வர் முனைவர் வசந்தகுமாரின் கவலை. பழைய லேத்துகள் இரண்டில் ஒன்றுக்கு மோட்டார் இல்லை. இன்னொன்றின் மேல் வாளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் பெரிய எழுத்தில் 'செய்து கற்போம்' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே, உறையின் மேல் ஒட்டிய தாளில் 'தொடாதீர்கள்' என்று இருந்தது.

ஸ்டெபிக்கு இருந்த வாய்ப்பு ஒன்றே. பரீட்சை முடிந்ததும் கோயமுத்தூர் பம்பு கம்பெனி ஒன்று ஆள் எடுக்கக் கூப்பிட்டிருந்தது. அங்கே ஒரு இரும்பு ராடைக் கையில் கொடுத்து, வரைபடத்தில் உள்ளபடி, படிக்கட்டு மாதிரி படி வைத்த தண்டாகக் கடைந்து தரச் சொல்வார்கள். போன வருஷம் போன அண்ணன்மார் எல்லாரும் தன்னறிமுகத்தை அழகாகப் பேசினார்கள். லேத் முன்னால் நிறுத்தியபோது ஒருவர் சுவிட்ச் எங்கே என்று கேட்டார். மொத்தப் பேரும் மதிய பஸ்ஸிலேயே மலை ஏறிவிட்டார்கள்.

ஸ்டெபியின் அம்மா ஜூடித் தேயிலை எஸ்டேட்டில் இலை எடுப்பவள். "இந்த டெஸ்ட்டுல வர்லீன்னா, ஃபேக்டரியில பேக்கிங்குக்கு ஆளு கேக்கறாங்க, அதுக்குப் போயிரு கண்ணு" என்று சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஸ்டெபிக்குக் கஷ்டமாக இருந்தது.

கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்தோறும் 'வேலைத் தயார்நிலை' வகுப்பு நடந்தது. எவ்வளவு அழுத்திக் கைகுலுக்க வேண்டும், சிரிக்கும்போது எத்தனை பல் தெரியலாம் என்று அதில் பயிற்சி கொடுத்தார்கள். மாணவர் நலனுக்கென்று 'மகிழ்ச்சி அறை' ஒன்றும் இருந்தது. பஞ்சு மெத்தை போன்ற குண்டு நாற்காலிகளும் ஹீட்டரும் அதற்குள் இருந்தன. சாவி முதல்வரிடம் இருந்தது. மாணவர்கள் வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாக மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள்.

ஆய்வுக் குழு வரப்போகிற செய்தியை முதல்வரே பட்டறைக்கு வந்து சொன்னார்.

"குழு முன்னாடி லைவ் டெமோ. ஒரு நிமிஷம் மெஷின் ஓடும். அருண்பிரசாத், மாணவர் சார்பா நீங்க பேசுறீங்க. 'எங்கள் கல்லூரியில் நாங்கள் நாள்தோறும் இயந்திரங்களோடு வாழ்கிறோம்'னு ஆரம்பிங்க. மெஷின் பக்கத்துல ஒரு பொண்ணு நிக்கட்டும், போட்டோவுக்கு நல்லாருக்கும்." அவர் கண்கள் வரிசையில் ஓடி ஸ்டெபியிடம் நின்றன. "நீங்க. நீலக் கோட்டு போட்டுக்குங்க."

"நின்னா மட்டும் போதுங்களா சார்?" என்று ஸ்டெபி கேட்டாள்.

"சுவிட்ச் போடுங்க. தீப்பொறி பறக்கற மாதிரி இருந்தா இன்னும் நல்லது."

விஜயன் தொண்டையைச் செருமினார். "லேத்துல தீப்பொறி வராதுங்க சார். அது கிரைண்டிங் மெஷின்லதாங்க வரும்."

"வெறுமனே சுத்துனா மின்விசிறி மாதிரி இருக்குமே விஜயன். ஏதாவது அறுக்கட்டும். நாளைக்கு ஒத்திகை."

மறுநாள் உறை கழன்றது. போன ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு இன்னும் மோட்டார் மேல் இருந்தது. ஸ்டெபி ராடை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் வைத்து இறுக்கினாள். முன்பின் செய்ததில்லை, புத்தகத்தில் பார்த்த படத்தை நினைவில் வைத்துச் செய்தாள். சுவிட்சைப் போட்டு வெட்டும் டூலை ராடில் கொண்டுபோய் வைத்ததும் லேத் அலறியது. எஸ்டேட் ரோட்டில் பிரேக் பிடிக்காத லாரி இறங்குவது போன்ற அலறல். அருண்பிரசாத்தின் 'நாள்தோறும்' அதில் காணாமல் போனது.

முதல்வர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "என்ன இது! குழு முன்னாடி இந்தச் சத்தமா வரும்? நாளைக்கு மறுபடி ஒத்திகை. சத்தம் போற வரைக்கும் தினம் ஒத்திகை!"

அவர் போனதும் விஜயன் குனிந்து டூல் முனையைப் பார்த்தார். "டூலு சென்டருக்கு மேல நிக்குது. அதான் வெட்டாம தேய்க்குது. அடியில இருக்கற தகட்ட ஒண்ணு உருவிட்டு வெச்சுப் பாரும்மா." ஸ்டெபி அப்படியே செய்தாள். இந்த முறை சத்தமில்லாமல் இரும்பு சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. பட்டறையே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஷைனா அவள் காதருகே வந்தாள். கூடலூர்க்காரி, பேச்சில் பாதி மலையாளம். "எடீ, நாளைக்கும் தப்பாப் பண்ணு."

"எதுக்குடீ?"

"சரியாப் பண்ணினா ஒத்திகை தீர்ந்நு. பின்ன உறைதான்."

ஸ்டெபி கீழே கிடந்த சுருளை எடுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

மறுநாள் வேகத்தைக் கூட்டி வைத்தாள். டூல் முனை கருகியது. அதற்கு அடுத்த நாள் அவளுக்குத் திடீரென்று ஜலதோஷம் வந்தது. "அன்னிக்கு இப்படி ஆனா என்ன பண்றதுங்க சார்? மாத்து ஆளு வேணுமுங்களே" என்று விஜயன் முதல்வரிடம் கவலையோடு கேட்டார். மாற்று ஆளாக ஷைனா வந்தாள். ஷைனாவுக்கும் ஜலதோஷம் பரவினால் என்ன செய்வது என்று அடுத்த நாள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசாகத் தப்பு செய்தார்கள். முதல்வர் இருக்கும்போது தப்பு, அவர் போனபின் அது ஏன் தப்பு என்று ஆராய்ச்சி. சக்கை இறுக்கும் சாவியை அதிலிருந்து கழற்றாமல் ஒருவன் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது மட்டும் விஜயன் கத்தினார். "மத்த தப்பெல்லாம் பண்ணுங்க. இத மட்டும் சாவற வரைக்கும் பண்ணாதீங்க, சாவி பறந்து வந்து மண்டையப் பொளக்கும்!" அப்போதுதான், அவருக்கும் விஷயம் தெரியும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் போனபின் அவரே ஒரு துண்டு ராடைக் கடைந்து பார்த்ததை ஷைனா ஜன்னல் வழியாகக் கண்டாள். புது லேத் வந்ததிலிருந்து அவருக்கும் இருந்தது குச்சி மட்டும்தான்.

அருண்பிரசாத் ஒரு நாள் ஸ்டெபியிடம் தனியாக வந்தான். "எனக்குப் பேச மட்டுந்தான் குடுத்திருக்காங்க. கம்பெனியில போயி நானும் பேசிட்டே நிக்கட்டுமா?"

"சாயந்திரம் வா, ஓட்டலாம். ஆனா நீ ஒரு உதவி பண்ணோணும். உம் பேச்சு நல்லா இருக்கறதால ஒத்திகை சீக்கிரம் முடிஞ்சிருது."

மறுநாளிலிருந்து கல்லூரியின் பேச்சுப் போட்டிக் கோப்பைகள் அனைத்தையும் வாங்கியவனுக்குத் திக்கியது. "நா... நாள்... நாள்தோறும்" என்று அவன் தடுமாற, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். லேத்தும் முதலிலிருந்து ஓடியது. முதல்வர் கலங்கிப்போனார். மாணவர் மன அழுத்தம் என்று தானே கண்டுபிடித்து, மகிழ்ச்சி அறையைத் திறந்து அவனை அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிளாஸ்டிக் கவர் கழற்றாத குண்டு நாற்காலி அவன் அசையும்போதெல்லாம் கீச்சிட்டது.

"எப்படிடா இருந்துச்சு மகிழ்ச்சி?" என்று ஷைனா கேட்டாள்.

"சூடா இருந்துச்சு. தூங்கிட்டேன்."

விளையாட்டு எல்லை மீறியது ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்டெபி வேண்டுமென்றே வைத்த அலறலைக் கேட்ட முதல்வர், காதைப் பொத்தாமல் அமைதியாக நின்றார். "போதும் விஜயன். இந்தப் பிள்ளைங்களுக்கு இது வராது. மூடி வெச்சிருங்க. வேற காலேஜ் வீடியோ ஒண்ணப் போட்டுக் காட்டிரலாம்."

விஜயன் உறையை எடுத்தார். ஸ்டெபி இன்னும் படி மட்டுமே பழகியிருந்தாள்; சாய்வாகக் கடைவது கைக்கு வரவில்லை. கம்பெனி வரைபடத்தில் சாய்வு கட்டாயம் உண்டு.

"சார், ஒரு தடவங்க சார்" என்றாள். "ஒரே தடவ."

பதிலுக்குக் காத்திராமல் டூலுக்கு அடியிலிருந்து தகட்டை உருவினாள். வேகத்தைக் குறைத்தாள். லேத் முனகல்கூட இல்லாமல் ஓடியது. ராடின் மேல்தோல் உரிந்து, உள்ளிருந்து பளபளப்பு வந்தது. அருண்பிரசாத் மணியாகப் பேசினான். முதல்வர் முகம் மெல்ல மலர்ந்தது. பின்வரிசையில் சிலர் முகம் வாடியது. இத்தனை நன்றாகச் செய்தால் நாளைக்கு ஒத்திகை ஏது?

"அருமை. அருமை" என்றார் முதல்வர். "இனி ஒண்ணும் வேண்டாம்."

"அந்த ஓரம் மட்டும் இன்னும் சரியில்லைங்க சார்" என்றாள் ஸ்டெபி. "சாய்வா எறக்குனா போட்டோவுல பளிச்சுன்னு விழுமுங்க. அதுக்கு ஒரு வாரமாச்சும் வேணுங்க."

முதல்வர் யோசித்தார். போட்டோ என்றதும் அவர் எப்போதும் யோசிப்பார்.

"எடுத்துக்குங்க" என்றார்.

குழு வந்த நாளில் பனி விலகியிருந்தது. மூன்று பேர் வந்தார்கள். பொன்னாடை, டீ, ஊட்டி வர்க்கி, மறுபடி பொன்னாடை. மகிழ்ச்சி அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்; ஹீட்டர் அங்கேதான் இருந்தது. பட்டறைக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு வாசனையும் கூடவே வந்தது. ஸ்டெபி சுவிட்சைப் போட்டாள். அருண்பிரசாத் 'நாள்தோறும்' வரை வந்தான். குழுத் தலைவர் மெஷினைப் பார்த்து, "பெயின்ட் நல்லா இருக்கு. நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்றார். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள்.

நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் ஸ்டெபி நிறுத்தவில்லை. இரண்டு படியும் ஒரு சாய்வும் முடித்து, தண்டைக் கழற்றித் துடைத்து ஷைனாவிடம் கொடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. வகுப்பு முழுக்க அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது.

கோயமுத்தூரில் பம்பு கம்பெனிக்காரர் தன்னறிமுகத்தைக் கேட்கவில்லை. "பேரு மட்டும் சொல்லும்மா. ராடு அங்க கெடக்குது" என்றார். லேத் பழசு, உடம்பெல்லாம் எண்ணெய். டூலை வைத்ததும் அது அலறியது. பக்கத்து மெஷினில் இருந்த பையன்கள் பயந்து கையை எடுத்துவிட்டார்கள். ஸ்டெபிக்கு அந்தச் சத்தம் எஸ்டேட் சங்கு மாதிரி பழகியிருந்தது. மெஷினை நிறுத்தி, டூலுக்கு அடியிலிருந்த தகட்டை உருவிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். கம்பெனிக்காரர் அவள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். சாயந்திரம், தேர்வானவர்கள் என்று படித்த பெயர்களில் ஸ்டெபியும் ஷைனாவும் அருண்பிரசாத்தும் இன்னும் சிலரும் இருந்தார்கள். பஸ் மலை ஏறும்போது அருண்பிரசாத் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "நா... நாள்தோறும்" என்று திக்கிக் காட்டினான். ஷைனா சிரித்துச் சிரித்துக் கண்டக்டரிடம் திட்டு வாங்கினாள்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சான்றிதழ் வாங்க ஸ்டெபி கல்லூரிக்கு வந்தாள். நகக்கண்ணில் கழுவிப் போகாத கறுப்பு இருந்தது. வாசலில், குழு கொடுத்த உயர்ந்த தரத்தைச் சொல்லும் பேனரில் முதல்வர் லேத் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மகிழ்ச்சி அறை பூட்டியிருந்தது. பட்டறையில் உறைக்குள் பல்பு எரிந்தது.

முதல்வர் அறை வராந்தாவில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட்டின் மேல் அவள் கடைந்த தண்டு. 'முதல்வர் முனைவர் வசந்தகுமார் அவர்களின் சீரிய வழிகாட்டுதலில் உருவானது' என்று கீழே அட்டை. அதன் முன்னால் இறுதியாண்டுக்கு வந்திருந்த கெஸியா நின்றிருந்தாள்.

"அக்கா, நெசமாவே தப்புத் தப்பாப் பண்ணித்தான் கத்துக்கிட்டீங்களாம்? ஷைனாக்கா சொன்னாங்க."

"ஆமா. அடுத்த குழு எப்ப வருதாம்?"

"மூணு வருசம் ஆகுமாம்க்கா. நாங்க அதுக்குள்ள முடிச்சுப் போயிருவோம்."

ஸ்டெபி அட்டையை இன்னொரு தடவை படித்தாள். "விஜயன் சாரப் பாரு. போன தடவ ஒத்திகைக்கு நாளே பத்தல, இப்பவே ஆரம்பிக்கோணும்னு முதல்வர்கிட்டச் சொல்லச் சொல்லு. போட்டோ நல்லா வரும்னு மறக்காம சொல்லச் சொல்லு."

கெஸியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பையிலிருந்து விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்தாள். ஒரு கண்ணை மூடி, தண்டின் முதல் படிக்கு நேராகக் கண்ணாடியின் மேல் வைத்து, அதன் வாயை மெல்ல விரித்தாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. ஸ்வெட்டர் கையால் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்தாள்.