கறுக்காத சாறு

எழுநூற்று நாற்பது ரூபாய். மூட்டை தூக்குகிறவன் தன் அக்கா வீட்டுக்காரருக்குத் தர வேண்டிய கடன் அது. அத்தான் சலூன் வைத்திருந்தார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் காய்ச்சி விற்றார். "பணம் கிடக்கட்டும் மாப்பிள்ளை, கரிசலாங்கண்ணி வளர்த்துக் குடு, கழிச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

தான் வேலை பார்க்கும் கிடங்குக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் பிடுங்கிய செடிகளை அவன் பெயின்ட் வாளிகளில் நட்டு வளர்த்தான். பூத்தபோதுதான் தவறு தெரிந்தது. அத்தானிடம் பார்த்த கரிசலாங்கண்ணிப் பூ முழுக்க வெள்ளை. இதுவோ நீளக் காம்பில், நடுவே மஞ்சளாக நின்றது. வெறும் களைச்செடி, மூக்குத்திப் பூண்டு. பூக்களையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, செடிகளை அறுத்துக் கட்டாகக் கட்டிச் சலூனுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

அத்தான் ஒரு தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்தார். கரிசலாங்கண்ணியாக இருந்தால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். கை பச்சையாகவே இருந்தது.

"என்னப்பா, உன் மச்சான் புல்லறுத்துக்கிட்டு வந்துட்டானா?" என்றார் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்.

அத்தான் கிள்ளுப்பட்ட நுனிகளை விரலால் தடவினார். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாடிப்போச்சு, அதான் கறுக்கல. நல்ல சரக்குதான்" என்றவர், செடிக்கட்டை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வைக்காமல், பெருக்கித் தள்ளிய முடிக் குவியலோடு வைத்தார்.

"அத்தான், நான் வந்து..."

"கணக்கு தீந்துச்சு மாப்பிள்ளை. போயிட்டு வா."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று நினைத்தபடி, உடம்பு கூசப் படியிறங்கினான்.