கண்ணை மூடிக் கேட்பவர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, நாடகப் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். எதிரே சாய்வு நாற்காலியில் அவள் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் புது நாடகம் எழுதி முடித்தால் அந்த வீட்டில் இதுதான் முறை. எல்லாப் பாத்திரங்களையும் அவள் ஒருத்தியே படிக்க வேண்டும். அவர் பார்க்காமல் கேட்க வேண்டும். நடிகனின் மூக்கும் முழியும் ஆளை ஏமாற்றிவிடும், காது மட்டும் ஏமாறாது என்பது அவர் கட்சி. வாரம் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரிக்குப் பயந்து கோப்பு தள்ளுகிற மனிதர், படித்துக் காட்டும் நாளில் சுவர்ப் பல்லியைக்கூட 'உஸ்' என்று அதட்டுவார்.

"நாடகம் என்ன பெரிய வித்தையா?" என்று தம் நாடகக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் கேட்பார். "ஒருத்தனுக்கு ஒண்ணு வேணும். இன்னொருத்தன் குறுக்க நிக்கணும். ரெண்டு பேரு பக்கமும் நியாயம் இருக்கணும். மூடி மூடி வச்சது ஒரு எடத்துல வெடிக்கணும். அவ்வளவுதான்." வசனத்துக்குத் தனிச் சட்டம் வைத்திருந்தார். மனதில் இருப்பதைப் பாத்திரம் நேராகச் சொல்லிவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தால் அவர் நாடகங்களுக்கு நல்ல பேர். வீட்டுப் பேச்சையும் அதே காதால் கேட்டதுதான் கோளாறு. அது அவருக்கு உறைக்கவே இல்லை.

இந்த முறை கடைசிக் காட்சி படுத்தி எடுத்தது. கணவனை விட்டு மனைவி கிளம்புகிறாள். கதவுவரை அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்; ஆனால் அவளுக்கு என்னதான் வேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடிக்காத, குடிக்காத, பழியொன்றும் சொல்ல முடியாத கணவனை ஒருத்தி எதற்கு விட்டுவிட்டுப் போகிறாள்? அடித்து அடித்து எழுதியும் காட்சி சப்பென்றே இருந்தது.

அவள் அந்த இடத்துக்கு வந்தாள். நிறுத்தினாள். அந்த மௌனம் அவருக்குப் பிடித்திருந்தது.

"நான் சண்ட போட வரல," என்றது அவள் குரல். "போகவான்னு கேக்கவும் வரல. சொல்லிட்டுப் போலாம்னுதான்."

இதைத் தாம் எழுதிய ஞாபகமே அவருக்கு இல்லை. முன்பும் ஒன்றிரண்டு முறை சொந்தமாக ஒரு சொல்லைப் போட்டுப் படித்திருக்கிறாள். அதெல்லாம் மேடையில் நன்றாகவே எடுபட்டது. "அட, பிரமாதம்! அத ஓரத்துல குறிச்சுக்கோ," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"தங்கச்சி கடைக்கு ஆள் வேணுமாம். மேல ஒரு ரூம் இருக்கு, சன்னல் தெருவப் பாத்து இருக்குன்னா."

சொந்தத் தங்கையின் துணிக்கடையை நாடகத்துக்கு இரவல் தருகிறாள் என்றுதான் நினைத்தார். அவர் வாங்காத இரவலா? "சன்னல் நல்லாருக்கு. விட்டுடாத."

"இங்கயே இருந்தா எனக்குப் பேச்சே மறந்து போயிடும்போல இருக்கு. பயமா இருக்கு."

"பயமா இருக்குங்கறத அடிச்சிடு. அதான் தெரியுதே."

  அவள் நிதானமாகச் சொன்னாள்.

"எங்கப்பா செத்து, எல்லாம் முடிஞ்சு நான் வந்து செருப்பக்கூடக் கழட்டல. எங்கம்மா மொதல்ல என்ன சொல்லி அழுதாங்கன்னு கேட்டீங்க. நானும் சொன்னேன். அப்புறம் ஒரு நாடகத்துல அதுக்கு எல்லாரும் கை தட்டுனாங்க."

அவர் கண்ணைத் திறந்தார். பிரதி மூடியிருந்தது. அதன்மேல் அவளுடைய இரண்டு கைகளும் இருந்தன. எப்போது மூடினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் பின்னாலேயே ஓடினார். கட்டிலில் பாதி நிரம்பிய பெட்டி கிடந்தது. இவ்வளவு நேரமும் அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இன்று மட்டுமா? காய்ச்சலில் அவள் பிதற்றியதைக்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் காகிதம் தேடிப் போய் எழுதி வைத்தவர் அவர். ஒரு நாளாவது அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று இப்போதுதான் தோன்றியது.

"உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

அவள் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வக்கீல் நாடகம். ரெண்டாவது காட்சி."

"இல்லடி, சத்தியமா..."

"சத்தியமா நான் மாறிடறேன்னு சொல்லிட்டு அவ கையப் புடிக்கணும். அந்த எடம் வந்தாலே நம்ம ஹீரோ முழிப்பாரு. நான்தானே பக்கத் திரையில நின்னு வசனத்த எடுத்துக் குடுப்பேன்."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். போகாதே என்பதை வியாபாரி நாடகத்தில் செலவழித்தாயிற்று. மன்னித்துவிடு என்பதை எத்தனை பேர் வாயில் வைத்தோம் என்று அவருக்கே கணக்கில்லை. கெஞ்சல், கோபம், சும்மா நின்று அழுவது, எல்லாவற்றையும் ஊருக்குப் போட்டுக் காட்டி முடித்திருந்தார். தமக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "அவசரமில்ல. வண்டிக்கு நேரமிருக்கு."

அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்கத்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள், அவளையும் அறியாமல், அதே வார்த்தைக்கு அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.