மாவ்ரோஸ் ஏன் நின்றது

துறைமுகத்திலிருந்து மடத்துக்கு ஏறும் பாதையில் மாவ்ரோஸ் என்ற கறுப்புக் கோவேறு கழுதை திடீர் திடீரென்று நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று அதை ஓட்டிவரும் நீலோஸ் துறவிக்குப் புரியவே இல்லை. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே பாம்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதுவோ நேற்று கஷ்கொட்டை மரத்தடியில் நின்றது, இன்று ஓடைக்கரையில். பசியா என்று பார்த்தால் வாய் நிறையப் புல். குளம்பில் கல்லா என்று நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்தார். ஓர் உதை கிடைத்ததுதான் மிச்சம்.

கிரேக்க நாட்டு அதோஸ் மலைத் துறவிகளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்? மடத்தலைவர் கெர்மனோஸ் இது பிசாசின் வேலை என்று தீர்த்தம் தெளித்தார். மாவ்ரோஸ் அதை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் என்பதுபோல் நாக்கை நீட்டியது. மூத்த துறவி தொமெத்தியோஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"பிசாசாவது ஒண்ணாவது! அது கண்ணப் பாத்தீங்களா? தேவ ஒளியப் பாத்துட்டு நிக்குது. நாம மூச்சப் புடிச்சு உக்காந்து உக்காந்து முதுகு கூனிப்போச்சு. அது சும்மா நின்னே பாத்துருச்சு."

"அப்ப அதக் கோயில்ல உக்கார வச்சுட்டு, மூட்டைய நீங்க தூக்கிட்டு வாங்க சாமி," என்றார் சமையல்கார மலகியாஸ்.

மறுநாள் மறுரூபத் திருநாள். நோன்புக்கு நடுவே மீன் உண்ணலாம் என்று விதி இரங்கும் நாள். குருத்தோலை ஞாயிறன்று மாவ்ரோஸ் நின்று நின்று கொண்டுவந்து சேர்த்த மீனை மடத்துப் பூனையே முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. இப்போதோ ஆகஸ்ட் வெயில். கெர்மனோஸ் நீலோஸைக் கூப்பிட்டார்.

"இந்தா பாருப்பா, நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள மீன் வந்தாகணும். வரலன்னா, இனிமே வழியில உனக்கு உள்ஜெபம் கிடையாது. சத்தமா சங்கீதம் பாடிக்கிட்டு கழுதைய மட்டும் பாத்துக்கிட்டு வா. உள்ஜெபத்த உன் அறையில வச்சுக்க."

"அறையில உக்காந்தா தூங்கிடுறேனே, பெரியவரே!"

"தெரியும். உன் குறட்டை கேட்டு நான்ல முழிச்சிருக்கேன்."

உள்ஜெபம் நடக்கும் முறை இது: குட்டையான முக்காலியில் அமர்ந்து, மோவாயை நெஞ்சில் பதித்து, மூச்சு உள்ளே போகும்போது 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே' என்றும், வெளியே வரும்போது 'என்மேல் இரங்கும்' என்றும் சொல்ல வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டே மனமும் தலையிலிருந்து இறங்கி இதயத்தில் போய் உட்காரும். நீலோஸின் மனம் அத்தோடு நிற்காமல் இன்னும் இறங்கி உறக்கத்தில் விழுந்துவிடும். கால்கள் நடந்தால் மட்டுமே விழித்திருந்து ஜெபிக்க அவரால் முடிந்தது. மலைப்பாதைதான் அவருக்குக் கோயில். அது போனால் எல்லாம் போயிற்று.

அன்று ஓர் எண்ணெய்ச் சுமையோடு ஏறும்போது காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று மாவ்ரோஸை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே நடந்தார். அது நிற்கவே இல்லை! சரியாகிவிட்டது என்ற நிம்மதியில் ஜெபத்தைத் தொடங்கினார். மனம் இதயத்தில் இறங்கிய நொடி, கழுதை நின்றது. மறுபடி கண்காணித்தார், நடந்தது. ஜெபித்தார், நின்றது. கவனித்தால் கவனிக்க ஒன்றுமில்லை. அது நிற்கும்போது கவனிக்க ஆளில்லை. இப்படி ஒரு சிக்கலை யார் அவிழ்ப்பது?

இரவு உணவின்போது மலகியாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

"என்னய்யா இது, கழுதையக் கட்டிப் புடிச்சுத் தூங்குனியா? அங்கி பூரா நாத்தம்!"

"நான் அது தலைப் பக்கமே போறதில்லையே. கடிக்கும்."

"அப்ப நெஞ்சுல ஒட்டியிருக்கிற கறுப்பு முடி யாரோடது? உன் தாடி நரைச்சு எத்தன காலம் ஆச்சு!"

நீலோஸ் குனிந்து பார்த்தார். அங்கியில் வேறெங்கும் முடி இல்லை. இடது மார்பில், சரியாக இதயத்துக்கு மேல், உள்ளங்கை அளவுக்கு அழுக்கும் முடியும் அப்பியிருந்தன. மாவ்ரோஸின் வியர்வையில் ஊறிய தலைக்கயிறு, அந்தக் கயிற்றைப் பிடிக்கும் வலது கை, அந்தக் கை போய்ச் சேரும் நெஞ்சு. மூன்றையும் மனத்தில் கோத்துப் பார்த்தார். ரொட்டித்துண்டு கையிலிருந்து நழுவிச் சூப்பில் விழுந்தது.

விடியற்காலையில் துறைக்கு இறங்கும்போது சோதித்தார். கடிக்குப் பயந்து அவர் எப்போதும் பின்னால்தான் நடப்பார். தலைக்கயிறு கழுதையின் கழுத்தையொட்டிப் பின்னோக்கி வந்து அவர் கையில் முடியும். வேண்டுமென்றே கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். கயிறு ஒரு சாண் பின்னால் இழுபட்டது; மாவ்ரோஸ் நின்றது. கையை இறக்கினார், நடந்தது. பிசாசும் இல்லை, ஒளியும் இல்லை. நில் என்று இவரே சொல்லிவிட்டு, ஏன் நின்றாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் ஜெபம் ஆழ்ந்ததும் கை தானாகவே நெஞ்சுக்குப் போகிறதே? மீன்கூடைகளை ஏற்றியதும் கயிற்றை இடுப்பில் கட்டிப் பார்த்தார். மாவ்ரோஸ் ஓர் அத்தி மரத்தைக் கண்டது. இருவரும் அத்தி மரத்துக்குப் போனார்கள். கயிற்றைச் சேணத்தில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு நடந்தார். கழுதை அவரை விட்டுவிட்டு முந்திப் போயிற்று. ஓடிப்போய் எட்டியதைப் பிடித்தார். எட்டியது வால்.

மாவ்ரோஸ் ஒரு காதைத் திருப்பியது. உதைக்கவில்லை. நீலோஸ் வாலை விடாமல் ஜெபத்தைத் தொடங்கினார். மனம் இறங்கியது, கை நெஞ்சுக்குப் போனது, வால் இழுபட்டது. மாவ்ரோஸ் வேகமாக நடந்தது.

வெயில் ஏறும் முன்பே மடத்து வாசலில் மீன் வந்து இறங்கியது. பூனை முதல் ஆளாக வந்து நின்றது. மூச்சு வாங்க நின்ற நீலோஸைக் கெர்மனோஸ் ஏற இறங்கப் பார்த்தார்.

"வழியில ஜெபம் பண்ணியா, இல்லியா?"

"இவ்ளோ பண்ணதே இல்ல, பெரியவரே."

"அப்புறம் எப்படிப்பா?"

"கயித்த இழுத்தா நிக்குது, வால இழுத்தா ஓடுது. அதனால ஏறும்போது வாலப் புடிச்சுக்கணும், இறங்கும்போது நின்னாலும் பரவால்ல, கயித்தப் புடிச்சுக்கணும். ஜெபம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."