கட்டிலிலிருந்து பதினான்கு அடி

காலை ஏழு மணிக்கு மகன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கட்டிலோரம் வைத்தான். பக்கத்தில் மாத்திரை. அதற்குப் பக்கத்தில் மடித்த டயப்பர்.

"குடிங்கப்பா. பார்த்துட்டுதான் போவேன்."

"நீ கிளம்பு. எனக்கு மெதுவாத்தான் முழுங்க வரும்."

எட்டு மணிக்கு மருந்துக் கடையைத் திறக்க வேண்டும். மகன் போனான். மருமகள் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். பெரியவர் மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கினார். மீதித் தண்ணீரை ஜன்னல் கம்பி வழியாகக் கீழே சாய்த்தார்.

கீழே சைக்கிள் கடைக்காரர் கத்தினார். "யோவ், யாருய்யா மேல? நான் வீட்லயே குளிச்சிட்டுத்தான் வர்றேன்!"

பெரியவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் பெயிண்டர். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ஒருமுறைகூட விழுந்ததில்லை. எழுபத்து மூன்று வயதில் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நடக்கப் பழக்குவதற்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தாள். முதல் நாள் அவர் வலியில் அலறினார். இரண்டாம் நாள் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக் கழிவறைவரை போய், கதவைச் சாத்திக்கொண்டு, வேலையை முடித்துத் திரும்பி வந்தார். போக பதினான்கு அடி, வர பதினான்கு அடி. கட்டிலில் உட்கார்ந்ததும் அழுதார்.

அந்த அழுகையை மகன் வலி என்று நினைத்தான். மறுநாள் அந்தப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "அப்பா ரொம்பக் கஷ்டப்படுறாரு மேடம். கொஞ்சம் ஆறட்டும்."

இரண்டு நாள் கழித்து மருமகள் மாலையில் வீடு திரும்பியபோது, அவர் தனியாகக் கழிவறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். விழவில்லை. அவள்தான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவரைப் பிடித்தாள்.

"நாங்க இல்லாதப்ப விழுந்தா யாரு மாமா தூக்குறது? மறுபடியும் ஆபரேஷன் பண்ண உடம்பு தாங்குமா?"

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. அன்றே வாக்கர் பரணுக்குப் போனது. டயப்பர் வந்தது.

"அந்த வாக்கர எடுத்துக் குடுடா" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"எதுக்குப்பா? எல்லாம் கட்டில்லயே ஆயிடுதே."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. டயப்பர் கட்டிய முதல் நாள் மருமகள் முகம் சுளிக்காமல்தான் கழுவிவிட்டாள். "எங்கப்பாவா இருந்தா செய்ய மாட்டேனா மாமா?" என்றாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். குடித்தால்தானே போகும்? முதல் வாரம் ஒரு டம்ளர் குறைத்தார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. நாலாவது வாரத்தில் மாத்திரைக்கு ஒரு மடக்கு, சாயங்காலம் அரை டம்ளர், அவ்வளவுதான். டயப்பர் பெரும்பாலும் காய்ந்தே இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து கத்திய அன்று மாலை சைக்கிள் கடைக்காரர் படியேறி வந்தார்.

"தம்பி, சண்டைக்கு வரல. உங்க ஜன்னல்ல இருந்து தினம் தண்ணி கொட்டுது. கஸ்டமர் மேல பட்டா வம்பு."

மகன் உள்ளே போய்க் கேட்டான். "ஏம்ப்பா தண்ணிய வெளிய ஊத்துறீங்க?"

பெரியவரின் உதடு வெடித்திருந்தது. நாக்கு புரளவில்லை. "கயிறு அவுந்திருக்கு. மேல இருக்கிறவன இறங்கச் சொல்லுடா" என்றார்.

மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தி தடுமாறிவிட்டது என்று இருவருமே முடிவு செய்தார்கள். மறுநாள் காலை கட்டிலருகே நின்றே மகன் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தான். "ஒண்ணும் புரியாது அவருக்கு. திங்கட்கிழமை கூட்டிட்டு வர்றோம்."

அந்த வாக்கியம் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

வீடு காலியானதும் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். கை தாங்கியது. கால் தாங்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தார். மருமகள் வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. "இவருக்குத் தண்ணி குடுக்கிறதே இல்லையா?"

கடையில் தினமும் பத்துப் பேருக்கு உப்புக்கரைசல் பாக்கெட் எடுத்துக் கொடுக்கிற மகன், அப்பாவின் வெடித்த உதட்டை அப்போதுதான் பார்த்தான்.

நாலு பாட்டில் ஏறியது. மூன்றாம் நாள் மதியம் பெரியவர் கண்ணைத் திறந்து, "கடைய யாருடா பார்த்துக்கிறா?" என்றார்.

"புத்திக்கு ஒண்ணுமில்ல. காஞ்சு போயிருந்தாரு" என்றார் டாக்டரம்மா. "ஏன் பெரியவரே குடிக்கல?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடிச்சா மருமக கழுவணும்."

மருமகள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள்.

"நடப்பாரா டாக்டர்?" மகன் கேட்டான்.

"நல்லவேளை, புதுசா எதுவும் முறியல. ஆனா தொடையில சதையே இல்ல. போன மாசம் கேட்டிருந்தா நடப்பாருன்னு சொல்லியிருப்பேன். இப்ப முயற்சிதான் பண்ணலாம்."

மகன் இல்லத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னான். பிசியோதெரபிஸ்ட்டுக்கும் போன் செய்தான். பெரியவர் வீடு திரும்பிய மறுநாள் அவள் வந்தாள். எதுவும் குத்திக்காட்டவில்லை.

பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையை ஊன்றினார். மகன் பாய்ந்து அவர் அக்குளில் கை கொடுத்தான்.

"கைய எடுடா."

"விழுந்திடுவீங்கப்பா."

"நாப்பது வருஷம் கயித்துல தொங்கினவனுக்கு விழறதப் பத்தி நீ பாடம் எடுக்கிறியா? எடுடா."

மகன் கையை எடுத்தான். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெரியவர் நின்றார். பிசியோதெரபிஸ்ட் நாலு எண்ணுவதற்குள் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை.

"உங்கள நல்லா பார்த்துக்கணும்னுதான்பா நினைச்சேன்."

"தெரியும்டா. அதனாலதான் உன்னத் திட்டக்கூட முடியல." மூச்சு வாங்கியது. காத்திருந்து சொன்னார். "என்னால முடியாதத நீ செய், வேண்டாங்கல. முடியிறத எங்கிட்ட விட்டுடு. வயசானவன் கிட்ட இருந்து அதையும் பிடுங்கிட்டு, அதுக்குப் பாசம்னு பேரு வைக்காத. உயிரோட இருக்கிறவனப் பொணமாக்குறதுக்கு அது ஒண்ணே போதும்."