அத்தாவுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்னவாசலில் யார் இறந்தாலும் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துபவர் ஷேக் பரீதுதான். காலராவில் செத்தவர்களைப் பெற்ற பிள்ளைகளே தொடப் பயந்தபோதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனவர். அவர் மகன் கிபாயத்துல்லாவோ செத்த பல்லியைக் கண்டாலே தெருவைத் தாண்டி நிற்பான்.

1958ஆம் வருஷம் ஷேக் பரீதே மௌத்தானார். மகன்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று ஜமாஅத்தார் சொல்லிவிட்டார்கள். குளிப்பாட்டக் கட்டிய திரைக்குள் நுழைந்தவன் ஓரமாகவே நின்றுகொண்டான்.

"வாங்க மச்சான், மாமா கடிக்க மாட்டாரு" என்றான் உதவிக்கு நின்ற தங்கை மாப்பிள்ளை அலாவுதீன்.

"உசுரோட இருந்தப்பவே என்னைய அதட்டுனதில்ல மாப்ள. இப்ப ஏன் இப்புடி ஒதறுதுன்னு தெரியல."

செம்புத் தண்ணீரில் பாதி அவன் காலிலேயே கொட்டியது. அத்தாவின் கையைத் தூக்கினான். சில்லிட்டுக் கனத்தது. ஊரே ஒதுக்கியவர்களைத் தொட்ட கை. பயம் போகவில்லை, ஆனால் அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை. "பிஸ்மில்லா" என்று ஊற்றினான்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது, திரையோரம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அவன் தோளைப் பிடித்தார்.

"அத்தா மாதிரியே பதனமாச் செஞ்சீங்க தம்பி. எனக்கும் நீங்கதான் வரணும்."

"நீங்க நூறு வயசு இருக்கணும் மாமு" என்றான் கிபாயத்துல்லா. அவ்வளவு மனமுருகி அவன் யாருக்குமே அல்லாவிடம் துஆ கேட்டதில்லை.