ஆருடைய ஆள்

"அம்மம்மா, அப்பான்ரை ஆக்களிலை ஒராள் கொம்போடை மாட்டை விழுங்கினவராம். உங்கடை ஆக்கள் என்ன விழுங்கினவை?"

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேத்தி மெலனி கேட்ட கேள்வி அது. அக்னெஸ் அன்றைக்கு, "கதையாமல் சாப்பிடு" என்று அதட்டிவிட்டாள். இன்று மலர்ச்சாலையில், மருமகனின் சவப்பெட்டியருகே பூவளையம் ஒன்றை நிமிர்த்திவைத்துக்கொண்டு திரும்பியவளுக்கு, தமையன் பத்திநாதர் இன்னுமொரு ரோல்ஸை வாய்க்குள் தள்ளுவது கண்ணில்பட்டது. குழந்தையின் கேள்வி ஞாபகம் வந்தது.

பெட்டிக்குள் கிடந்தவன் வுயானி. தென்னாபிரிக்காவில் பிறந்து, கோசா மொழி பேசி வளர்ந்தவன். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மூன்று நாளைக்கு முன் பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றவன், பனி அள்ளும் சவளைக் கையில் பிடித்தபடியே நெஞ்சைப் பொத்திக்கொண்டு சரிந்தான்.

மகள் கிறேஸ் அவனை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, எங்கள் சனம் கேட்கும் அந்தக் கேள்வியைத்தான் அக்னெஸும் கேட்டாள். "ஆற்றை ஆள்?" யாருடைய ஆள், எந்தக் குலம் என்று வந்தவனை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்கான கேள்வி அது. கிறேஸ் வேண்டாவெறுப்பாக அதை மொழிபெயர்த்தாள். அவன் முகமோ மலர்ந்துவிட்டது. இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையாக அவனை ஒருவரும் விசாரித்ததில்லையாம். எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, தன் குலத்தின் புகழ்ப்பெயர்களைச் சொல்லத் தொடங்கினான். ராடேபே. புங்கானே. முதிம்குலு. ந்ட்லெபென்ட்லே, அதாவது காது இரண்டும் அழகானவர். மஷ்வபாடா, கொம்போடு மாட்டை விழுங்கியவர்.

அக்னெஸ் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்ச் சிரித்தாள்.

பத்திநாதருக்கு அது வருடக்கணக்காக ஓடிய பகிடி. "பேப்பரிலை மகலிமா. அது அப்பப்பான்ரை பேராம். கூட்டாளிமார் கூப்பிடுறது ராடேபே. ஒரு மனிசனுக்கு இவ்வளவு பேரே? கள்ளப் பாஸ்போட்காரன் மாதிரி." அவர் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியதே வேறொருவருடைய பெயரில்தான். அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது மரண அறிவித்தலை வானொலிக்குக் கொடுத்தவரும் அவரே. 'பாசையூர் காலஞ்சென்ற செபஸ்தியாம்பிள்ளை, அக்னெஸ் தம்பதிகளின் அன்பு மருமகனும்' என்று நீட்டி முழக்கியவர், வுயானியைப் பெற்றவர்களின் பெயரை விட்டுவிட்டார்.

"வாயிலை நுழையாது தங்கச்சி. கேக்கிற சனத்துக்கும் விளங்காது."

கிறேஸ் வீங்கிய கண்களோடு அவரிடம் வந்தாள். "மாமா, அவரின்ரை அக்கா திரும்பவும் போன் எடுத்தவ. விசா கிடைக்கேல்லையாம். ஒண்டே ஒண்டுதான் கேக்கிறா. பெட்டி மூட முதல் அந்தப் பேருகளை ஆராவது சொல்லவேணுமாம். இல்லாட்டி அவரின்ரை செத்துப்போன ஆக்களுக்கு வாறது ஆரெண்டு தெரியாதாம்."

"பிள்ளை, இஞ்சை பாதர் நிக்கிறார். நாலு பெரிய மனிசர் வந்திருக்கினம். கறுவலின்ரை மந்திரமெல்லாம் சபையிலை சொல்லேலாது."

கிறேஸ் தாயைப் பார்த்தாள். அக்னெஸ் பூவளையத்தின் றிபனை நீவினாள்.

செபம் முடிந்தது. ஒருவரும் எதிர்பாராமல் மெலனி எழுந்து பெட்டியடிக்குப் போனாள். தகப்பனைப் போலவே நெஞ்சில் கைவைத்தாள். "ராடேபே, புங்கானே…"

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். பத்திநாதர் தாடையைச் சொறிந்தபடி, "இனி மாடு வரப்போகுது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற அளவு மெதுவாக. தோள்கள் குலுங்கின. குழந்தை திரும்பிப் பார்த்தது. அடுத்த பெயர் வரவில்லை. போய்த் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் பிறகு யார் கூப்பிட்டும் நிமிரவில்லை.

அந்தச் சிரிப்பு அக்னெஸுக்குத் தெரிந்த சிரிப்பு. குசினிக்குள் அவள் சிரித்ததும் அதுதான்.

அவள் புருஷன் செபஸ்தியாம்பிள்ளை செத்ததும் ஒரு மாரியில். மண் பனியில் உறைந்து இறுகிக் கிடந்ததால் பெட்டியைச் சேமக்காலைப் பிணவறையில் வைத்திருந்து மே மாதத்தில்தான் அடக்கம் செய்தார்கள். மாரியில் மண்டபம் நிறைய நின்ற சனத்தில் மே மாதத்துக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. பத்திநாதருக்கு ஓவர்டைம். கிறேஸ் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில். வுயானி மட்டும் அவளோடு சேற்றில் நின்றான். "அம்மா, மாமா அப்பா பேர்?" என்று தன் உடைந்த தமிழில் கேட்டான். சந்தியாப்பிள்ளை என்றாள். "அவர் அப்பா?" அந்தோனி. "அவர் அப்பா?" அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பெயர்களை அவன் குழியைப் பார்த்து உரக்கச் சொன்னான், வழியில் வருபவரைக் கூட்டிப்போக ஆள் கூப்பிடுவதுபோல. பிறகு வான் வண்டியை ஓட்டி அவளை வீட்டில் விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போனான். அவள் வாய் திறந்து ஒரு நன்றி சொல்லவில்லை.

"கோயிலுக்கு நேரமாகுது, எல்லாரும் காருக்குப் போங்கோ" என்று பத்திநாதர் கையைத் தட்டினார். சனம் குளிரங்கிகளைத் தேடியது. அக்னெஸ் மகளையும் பேத்தியையும் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள்.

"நீ எங்கை போறாய் தங்கச்சி?"

"செபமாலையை விட்டிட்டன்."

"உன்ரை கையிலை கிடக்குது."

"அது வேறை" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

பெட்டியை மூட வந்த வெள்ளைக்காரப் பொடியனிடம், கொஞ்சம் பொறு என்பதுபோலக் கையைக் காட்டினாள். அவன் தலையசைத்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

முழந்தாளிட்டாள். அந்தப் பெயர்களை அவள் ஒருநாளும் படித்ததில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் மெலனிக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போது அவன் சொல்லிக்கொடுப்பான். இவள் குசினியில் நின்று முகத்தைச் சுளிப்பாள். சுளித்த முகத்தோடு கேட்டதெல்லாம் உள்ளே போய்க் கிடந்திருக்கிறது. ஆனால் வெறும் பெயராகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அவள் வாய்க்குப் பழகியது புனிதர்களின் மன்றாட்டு ஒன்றுதான்.

"ராடேபே, இவரை ஏற்றுக்கொள்ளும்."

செருமிக்கொண்டாள்.

"புங்கானே, இவரை ஏற்றுக்கொள்ளும். முதிம்குலு, இவரை ஏற்றுக்கொள்ளும்."

காது அழகானவரின் பெயரில் நாக்குப் பிசகியது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் முறையும் பிசகியது. மூன்றாம் முறை அவசரப்படாமல் எழுத்தெழுத்தாகச் சொல்லி, மஷ்வபாடாவையும் கூப்பிட்டு முடித்தாள். பத்திநாதர் விட்டுவிட்ட தாய் தகப்பனின் பெயர்களையும் சொன்னாள். வெளியே கார் ஹோர்ன் ஒன்று பொறுமையில்லாமல் அடித்தது.

முழங்கால்கள் மரத்துப்போயிருந்தன. எழும்பிப் பார்த்தாள், முடியவில்லை. கையை நீட்டிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, பாரத்தை அதில் கொடுத்து, மெல்ல எழும்பினாள்.